சாவியை அணைத்தும் நிற்காத எஞ்சின்

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் இருப்பது 1983-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 300டி, ஆட்டோமேட்டிக். பெரியப்பா குவைத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த வண்டி. ஆறு மாதமாக இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல் அடிக்கிறது. மெதுவாக ஓட்டும்போதுதான் அடி அதிகம். நன்றாக மிதித்து ஓட்டினால் அவ்வளவு தெரிவதில்லை. ஞாயிறு காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் கூடும் எங்கள் பழைய கார் நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் கியர்பாக்ஸை இறக்கி, முழுதாகப் பிரித்து ஓவரால் செய்யச் சொல்கிறார். இன்னொருவர் கியர்பாக்ஸின் பக்கத்தில் உள்ள மாடுலேட்டரைக் கொஞ்சம் திருகி இளக்கினால் போதும் என்கிறார். மூன்றாமவர், டெம்போ டிராவலரின் மேனுவல் கியர்பாக்ஸைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார். எனக்குக் கியர்பாக்ஸ் ஆயில் மேல்தான் சந்தேகம். காலையில் வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன், கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. ஒரு லிட்டர் ஊற்றினேன், மாற்றமில்லை. இதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: சென்ட்ரல் லாக் வேலை செய்து ரொம்ப நாளாகிறது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் நாலைந்து நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– கோவை வாசகர்

பதில்: சம்பந்தம் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்தக் கடைசி இரண்டு வரிகளில்தான் விடை இருக்கிறது. உங்கள் வண்டியின் கதவுப் பூட்டும், எஞ்சினை நிறுத்தும் வால்வும், கியர் மாறும் மென்மையும், ஏன், பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரும்கூட ஒரே மூச்சில் வாழ்பவை. அந்த மூச்சின் பெயர் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சியெடுப்பதால் உண்டாகும் இழுப்பு.

பெட்ரோல் வண்டியில், எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் தானாகவே கிடைத்துவிடும். இந்த டீசல் எஞ்சினில் அது போதிய அளவு கிடையாது. அதனால் எஞ்சினின் முன்பக்கம் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு தடித்த குழாய் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. வழியில் அதிலிருந்து மெல்லிய நைலான் குழாய்கள் பிரிகின்றன. ஒன்று கதவுகள், டிக்கி, டீசல் மூடி ஆகியவற்றின் பூட்டுகளுக்கு. ஒன்று சாவிப் பூட்டின் வழியாக, எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் உள்ள நிறுத்தும் வால்வுக்கு. நீங்கள் சாவியை அணைத்ததும் இந்த உறிஞ்சல்தான் அந்த வால்வை இழுத்து டீசலை நிறுத்துகிறது. இன்னொன்று, இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் மேல் ஆக்சிலரேட்டர் கம்பியோடு சேர்ந்து திரும்பும் ஒரு கட்டுப்பாட்டு வால்வைக் கடந்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டருக்குப் போகிறது.

மாடுலேட்டர் என்பது கியர்பாக்ஸின் காது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. நீங்கள் லேசாக மிதிக்கும்போது வேக்குவம் அதிகமாக வந்து சவ்வை இழுக்கும். உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் மெதுவாகச் சேரும். முழுக்க மிதித்தால் கட்டுப்பாட்டு வால்வு வேக்குவத்தைக் குறைத்துவிடும். அழுத்தம் ஏறி, தட்டுகள் இறுக்கமாகப் பிடிக்கும். எஞ்சின் முழு பலத்தோடு தள்ளும்போது அப்படிப் பிடித்தால்தான் வழுக்காது. இப்போது எங்கோ கசிந்து மாடுலேட்டருக்கு வேக்குவமே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பூப்போல மிதித்தாலும், கியர்பாக்ஸுக்கு அது முழு மிதியாகவே தெரியும். அதனால் முழு பலத்தோடு இறுக்குகிறது, உங்களுக்கு அது உதையாக வருகிறது. மெதுவாகப் போகும்போது அடி அதிகம், மிதித்து ஓட்டினால் தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. மிதிக்கும்போது அந்த இறுக்கம்தான் சரியான இறுக்கம்.

வேறு எதையும் தொடும் முன் பிரேக்கைப் பாருங்கள். அதே பம்ப்தான் பூஸ்டரையும் நடத்துகிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை மிதித்தால் முதல் இரண்டு மூன்று மிதிக்காவது பூஸ்டரின் உதவி இருக்க வேண்டும். அப்புறம் கெட்டியாகும். முதல் மிதியே கல்லாக இருந்தாலோ, ஓட்டும்போது பெடல் வழக்கத்தைவிடக் கனத்தாலோ, வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எஞ்சின் ஒரேயடியாக நிற்க மறுத்தால், பானட்டைத் திறந்து எஞ்சின் மேலுள்ள ஸ்டாப் லீவரை அழுத்தி நிறுத்தலாம். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஊற்றிய ஒரு லிட்டரைப் பற்றி. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டு, நல்ல கியர்பாக்ஸைக் கெடுக்கிற தவறு இது. இந்த வண்டியில் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் அளவைக் குளிர்ந்த நிலையில் பார்க்கக் கூடாது. ஆயில் சூடேறினால் விரியும். ஆறியிருக்கும்போது கீழ்க்கோட்டுக்கும் கீழே தெரிவதுதான் இயல்பு. 20 கிலோமீட்டராவது ஓட்டி, ஆயில் 80 டிகிரி அளவுக்குச் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, லீவரை பி-யில் (பார்க்கிங்) வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். துடைக்கப் பனியன் துணி வேண்டாம். ஒரு நூல் உள்ளே போனாலும் வால்வுகளுக்கு வினை. நூல் உதிராத துணி எடுங்கள். டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வெறும் 0.3 லிட்டர். நீங்கள் ஊற்றியது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மேல்கோட்டைத் தாண்டிய ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும். சூட்டில் அளந்து பாருங்கள். கூடுதலாக இருந்தால் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். எடுத்த ஆயிலை வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ, கொஞ்சம் பழுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அது வேறு கதை.

சரி, கசிவை எப்படிப் பிடிப்பது? ஒரு வேக்குவம் கேஜும், கையால் அமுக்கும் ஒரு வேக்குவம் பம்ப்பும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஒரே கருவியாகக் கிடைக்கிறது. உங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வையுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேனர் செட்டுக்கு அடுத்தபடி இதுதான்.

முதலில் பம்ப்பின் பக்கத்திலேயே அளந்துவிடுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 20 அங்குலப் பாதரசத்துக்கு மேல் (வேக்குவத்தை அளக்கும் அலகு அது) காட்டினால் பம்ப் நலம். அங்கேயே பாதிதான் காட்டுகிறது, மற்ற கிளைகளை அடைத்தும் ஏறவில்லை என்றால் பம்ப்பின் சவ்வோ வால்வோ போயிருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டாம்.

பம்ப் நன்றாக இருந்தால் கிளைகளுக்கு வாருங்கள். பூஸ்டர் குழாயிலிருந்து பூட்டுகளுக்குப் பிரியும் மெல்லிய குழாயைக் கழற்றி, பூஸ்டர் குழாயின் பக்கம் திறந்து நிற்கும் முனையைச் சின்ன ஸ்க்ரூ ஒன்றால் அடைத்துவிட்டு எஞ்சினைப் போடுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சாவியை அணையுங்கள். டக்கென்று நின்றதா? அப்படியே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அடி பாதியாகக் குறைந்திருந்தாலே குற்றவாளி பூட்டுப் பக்கம் இருக்கிறான் என்று அர்த்தம். என் அனுபவத்தில் பத்துக்கு ஆறு வண்டிகளில் இங்கேதான் முடியும். கதவுகளுக்குள் ரப்பர் சவ்வு இருக்கிறது. 40 வருட வெயிலில் அது வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கதவு டிரிம்மைக் கழற்றி ஒவ்வொன்றிலும் கைப்பம்ப்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு ஒரு குழாய். அதனால் கதவு பூட்டியிருக்கும்போது மட்டும் கசிந்து, திறந்திருக்கும்போது கசியாமல் இருக்கலாம். இரண்டு நிலையிலும் சோதியுங்கள். இதைத் தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடி, ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டுகள் சரியாகும்வரை அந்த ஸ்க்ரூ அடைப்போடு வண்டியைத் தாராளமாக ஓட்டலாம். சென்ட்ரல் லாக் இல்லாமல் இத்தனை நாள் இருந்தீர்கள், இன்னும் ஒரு மாதம் இருந்தால் குடிமுழுகிவிடாது.

பூட்டுக் குழாயை அடைத்தும் எஞ்சின் தாமதமாகவே நின்றால், சாவிப் பூட்டுக்குப் பின்னால் உள்ள வேக்குவம் சுவிட்சையும், இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் நிறுத்தும் வால்வையும் அதே கைப்பம்ப்பால் சோதியுங்கள். எஞ்சின் டக்கென்று நிற்கிறது, ஆனால் கியர் மட்டும் இன்னும் அடிக்கிறது என்றால் மாடுலேட்டர் பக்கம் போக வேண்டும். இங்கே நண்பர்கள் இல்லாமல் வேலை நடக்காது. மாடுலேட்டருக்குப் போகும் குழாயில் மூன்று வாய் உள்ள ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, நீளமான குழாய் ஒன்றைச் சன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கேஜில் மாட்டுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். ஐடிலில் 10 அங்குலத்துக்கு மேல் இருந்து, மிதிக்க மிதிக்க முள் சீராக இறங்கி, முழு மிதியில் பூஜ்யத்தை ஒட்டிப் போனால் கட்டுப்பாட்டு வால்வு சரியாக இருக்கிறது. ஐடிலிலேயே முள் கீழே கிடந்தாலோ, மிதித்ததும் படாரென்று விழுந்தாலோ அந்த வால்வையும் அதை அசைக்கும் கம்பிகளையும் பாருங்கள். அந்தக் கம்பிகளின் மூட்டுகள் தேய்ந்து, காலை எடுத்த பிறகும் வால்வு முழுதாகத் திரும்பி வராமல் நிற்பதுண்டு. ஒரு சொட்டு எண்ணெய், ஒரு புது மூட்டு, அவ்வளவுதான்.

கடைசியாக மாடுலேட்டர். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டுப் போங்கள். குழாய் மாடுலேட்டரில் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் முழங்கை இருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு உள்வளைவில் ஒளிந்திருக்கும். பிறகு குழாயைக் கழற்றி முனையைப் பாருங்கள். சிவப்பு ஆயில் ஈரம் தெரிந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. அப்படிக் கிழிந்தால் கியர்பாக்ஸ் ஆயிலை வேக்குவம் பம்ப் உறிஞ்சி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் ஏடிஎஃப் குறைந்துகொண்டே போகிற மர்மத்துக்கு இதுவே காரணம். ஈரம் இல்லையென்றால் கைப்பம்ப்பால் 15 அங்குலம் இழுத்து நிறுத்திப் பாருங்கள். நின்றால் நல்லது, இறங்கினால் மாடுலேட்டரை மாற்றுங்கள். அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

ரப்பர் இணைப்புகளை மாற்றும்போது தயவுசெய்து மீன்தொட்டிக் குழாயையோ ஆஸ்பத்திரி டிரிப் குழாயையோ மாட்டாதீர்கள். எத்தனையோ பழைய வண்டிகளில் பார்க்கிறேன். பட்டறையில் நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கும். எஞ்சின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஆறினதும் பழையபடி திறந்துகொள்ளும். சூட்டில் மட்டும் அடிக்கிறது, காலையில் சரியாக இருக்கிறது என்று சொல்லி வருகிற வண்டிகளில் சிலவற்றின் கதை இதுதான். சூடும் எண்ணெயும் தாங்கும் வேக்குவம் ரப்பர் குழாயையே வாங்குங்கள். அங்குலக் கணக்கில்தான் வேண்டியிருக்கும், பெரிய செலவில்லை.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்னவற்றுக்கு வருகிறேன். மாடுலேட்டரைத் திருகச் சொன்னவரின் யோசனைதான் மூன்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் அது பலன் தருவதுபோலத் தெரியும். ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு திருகு இருப்பது உண்மை. அதை இளக்கினால் அழுத்தம் குறைந்து அடி மெத்தென்று ஆகும் என்பதும் உண்மை. ஆனால் வேக்குவம் வராத நிலையில் இளக்கினால், முழுதாக மிதித்து லாரியை முந்தும்போதும் அழுத்தம் போதாது. கியர் மாறும் நொடியில் எஞ்சின் மட்டும் உறுமி ஏறும், வண்டி ஏறாது. அந்த ஒவ்வொரு உறுமலிலும் கிளட்ச் தட்டின் லைனிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயும். வேக்குவம் எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது என்று அளந்து உறுதி செய்த பிறகு, பிரஷர் கேஜ் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய நுண்ணிய சரிசெய்தல் அது. ஏற்கெனவே யாராவது திருகியிருந்தால், எத்தனை சுற்று என்று கேட்டு எழுதி வையுங்கள்.

மேனுவல் கியர்பாக்ஸ் யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. பென்ஸின் ஓஎம் 616 டீசல் எஞ்சினை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது பஜாஜ் டெம்போ, இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ். உங்கள் 300டி-யில் இருக்கும் ஓஎம் 617 அதே குடும்பம், ஒரு சிலிண்டர் கூடுதல். அதனால் கை வைப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் கிளட்ச் பெடல், ஃப்ளைவீல், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர் என்று ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். கழற்றிய ஆட்டோமேட்டிக் பெட்டி ஏதோ ஒரு ஷெட்டின் மூலையில் துருப்பிடிக்கும். அந்த வண்டிக்கென்று ஸ்டுட்கார்ட்டில் வடிவமைக்கப்பட்ட பெட்டி, வேக்குவம் கிடைத்தால் இன்னும் அழகாக வேலை செய்யக்கூடிய பெட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஓவரால் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். 90-களின் நடுவில், தனியாகப் பட்டறை வைத்த புதிதில், இதே குறையோடு ஒரு பழைய டீசல் கார் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. நான் எதையும் அளக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கி, தட்டுகள், சீல்கள் எல்லாம் மாற்றி, பன்னிரண்டு நாள் கழித்து ஏற்றினேன். தெருமுனை தாண்டுவதற்குள் அதே உதை. ஒரு வாரம் கழித்து, வேறெதற்கோ அடியில் படுத்திருந்தபோது, இரண்டு அங்குல ரப்பர் முழங்கை வெடித்திருப்பதைக் கண்டேன். மாற்றியதும் வண்டி வெண்ணெய்போல் ஓடியது. கழற்றிப் போட்ட பழைய தட்டுகளை எடுத்து அளந்து பார்த்தேன். எல்லாம் நல்ல தட்டுகள். அவரிடம் உண்மையைச் சொல்லிக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரம்தான் என் முதல் வேக்குவம் கேஜை வாங்கினேன்.

ஓவரால் உண்மையிலேயே தேவைப்படும் வண்டி வேறு மாதிரி பேசும். லீவரை டி-யில் (டிரைவ்) போட்டதும் சில நொடி யோசித்துவிட்டு நகரும். கியர் மாறும்போது எஞ்சின் உறுமும். ரிவர்ஸ் பிடிக்காது. ஆயில் தீய்ந்திருக்கும். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. உறுதிக்காக, எப்படியும் பழைய ஆயிலை மாற்றும் சாக்கில் கியர்பாக்ஸின் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். அடியில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் வயசுக்குரியது. மினுமினுப்பான உலோகத் துகளோ, லைனிங் துண்டுகளோ இருந்தால் யோசிக்கலாம். எஞ்சினின் பலத்தை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்கும் தனியாக ஒரு வடிகால் பிளக் உண்டு. அதையும் திறந்தால்தான் ஆயில் முழுக்க மாறும். இல்லையென்றால் பழையதும் புதியதும் கலந்து நிற்கும். அப்படி மாற்றினால் 5 முதல் 6 லிட்டர் வரை பிடிக்கும். டெக்ஸ்ரான் 3 தரத்துக்கு ஏற்ற ஏடிஎஃப் போதும். முதலில் 4 லிட்டர் ஊற்றி எஞ்சினைப் போட்டு, மிச்சத்தைச் சூட்டில் அளந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிட்டு, சம்ப் போல்ட்டுகளை 8 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள். பலசாலி நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் அந்த ஸ்பேனரைக் கொடுக்க வேண்டாம்.

வேக்குவம் எல்லாம் சரி, ஆயிலும் சரி, ஆனாலும் அடிக்கிறது என்றால் எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் தட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு எளிய சோதனை உண்டு: மூன்றாம் கியரில் ஒரே வேகத்தில் போகும்போது காலைச் சட்டென்று எடுத்து மறுபடி மிதியுங்கள். கியர் மாறாமலேயே அடி கேட்டால் குறை மவுண்டிலோ ஷாஃப்ட்டிலோ. கியர் மாறும் நொடியில் மட்டும் கேட்டால் மறுபடி வேக்குவம் பக்கமே வாருங்கள், எதையோ தவறவிட்டிருக்கிறோம்.

அளந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்: பம்ப்பில் எவ்வளவு, பூட்டுக் குழாயை அடைத்த பிறகு எவ்வளவு, மாடுலேட்டரில் ஐடிலில் எவ்வளவு, சூட்டில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது. அவை வரும்வரை கியர்பாக்ஸை இறக்க யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள்.